நாலாம் நம்பர் அழுகை

ஒருத்தி நடப்பதை இன்னொருத்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். இதற்கு ஒரு வாரியமும், அதில் ஒரு பிரிவும், பிரிவுக்கு ஒரு துணை இயக்குநரும், எட்டுப் பக்கப் படிவமும், முன்கூட்டியே கொஞ்சம் கண்ணீரும் தேவைப்படும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் டிவிப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பாள்.

நடக்கிறவள் தங்கை. தெருவில் அல்ல, உலகப் போட்டியில். இருபது கிலோமீட்டர் வேக நடை. ஓட்டம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது, தாண்டுவது என்றால் புரிகிறது. நடப்பதற்கெல்லாம் ஒரு போட்டியா என்று கேட்டுச் சிரிக்காத ஆள் அந்தக் குடியிருப்பில் இல்லை. அதுவும் இடுப்பை இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டு போகிற நடை. தெருப் பிள்ளைகள் 'வாத்து' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த விளையாட்டில் உள்ள கண்டிப்பு மாமியார் வீட்டில்கூட இருக்காது. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் தரையைத் தொடும்போது முட்டி நேராக இருக்க வேண்டும். மடங்கினால் வழியில் நிற்கிற நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதுவார்கள். நாலு அட்டை சேர்ந்தால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

தங்கைக்கு அவளுடைய வலது முட்டி மேல் எப்போதும் ஒரு சந்தேகம். பதினைந்து கிலோமீட்டர் தாண்டிய பிறகு அது லேசாக மடங்குகிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. பயிற்சியாளருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அக்கா. அதற்குக் காரணம் அக்கா பார்க்கிற வேலை. மருந்துப் பாட்டில் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக அவளுக்குப் பாட்டில் பார்க்கிற உத்தியோகம். எதிரே வெளிச்சப் பலகை, அதன் முன்னால் பெல்ட்டில் வரிசையாகப் பாட்டில்கள் போய்க்கொண்டே இருக்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் அவள் கை தானாகப் போய் அந்தப் பாட்டிலை எடுத்துவிடும். "எங்கம்மா விரிசல்? நல்லாத்தானே இருக்கு?" என்று மேற்பார்வையாளர் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அப்பா, அம்மா போன பிறகு தங்கையை வளர்த்ததும் அந்தக் கண்தான். தினமும் காலையில் தங்கை நடப்பாள், அக்கா பின்னால் சைக்கிளில் போவாள். "பன்னெண்டாவது சுத்து, வளைவுல, ரெண்டு தடவ மடங்குச்சு" என்பாள். தங்கை வாதாட மாட்டாள். நடுவர் சொன்னால்கூட ஒரு நிமிஷம் யோசிப்பாள், அக்கா சொன்னால் யோசிப்பதே இல்லை. பார்க்காத ஒன்றை அக்கா சொல்லமாட்டாள் என்பது அந்த வீட்டில் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல.

புறப்படுகிற அன்றைக்குத் தங்கை சொன்னாள்: "அங்க நீ சைக்கிள்ல வர முடியாதுக்கா. ஆனா டிவியில காட்டுவாங்க. ஒரு அடி விடாம பாரு. நடுவருங்க விட்டாலும் நீ விடாதே. நேர்மையாத்தான் நடந்தேன்னு நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

"கண்ணக்கூட சிமிட்ட மாட்டேன்டி. நீ போயிட்டு வா" என்றாள் அக்கா.

உலகப் போட்டியைக் காட்டுகிற உரிமை ஒளிபரப்பு வாரியத்துக்கு மட்டுமே உண்டு. வேறு யாராவது காட்டினால் சட்டப்படி குற்றம். விளையாட்டை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக உண்டாக்கிய அமைப்பு அது. கொண்டுபோகிற வழியில் அலுப்பாக இருந்ததோ என்னவோ, பாதியில் இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

போட்டிக்கு இருபது நாள் முன்னால் ஒரு பிற்பகலில் வாரியத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேர் கேமராவும் விளக்கும் தூக்கியிருந்தார்கள். மூன்றாமவர் எதையும் தூக்காததிலிருந்தே அவர்தான் அதிகாரி என்று தெரிந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'துணை இயக்குநர், குடும்ப உணர்ச்சிப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

"நீங்கதான் வீராங்கனையோட அக்காவா? ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு உணர்ச்சி எப்படி வரும்? சட்டுனு வருமா, இல்ல கொஞ்சம் நேரம் எடுக்குமா?"

"என்ன உணர்ச்சி சார்?"

"அதை நாங்க சொல்லுவோம்."

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தலைகீழாகத் தொங்குகிற மனிதருக்கு முகத்தில் விளக்கு அடித்ததும் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

துணை இயக்குநர் விளக்கினார்: "போட்டியை யார் வேணா காட்டிடுவாங்கம்மா. ரெண்டு கால் போகுது, அதைக் காட்டுறதுல என்ன பெருமை இருக்கு? ஜனங்க பாக்குறது குடும்பத்தை. போன தடவ நீச்சல்காரர் ஒருத்தரோட அம்மா அழுதாங்க. நாப்பது நிமிஷம் காட்டினோம். நாடே அழுதுச்சு. அவர் எத்தனாவதா வந்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூடக் கேக்கல. அதுக்குப் பேர்தான் ஒளிபரப்பு!"

"சரி சார், போட்டி அன்னிக்கு வந்து எடுத்துக்கங்க" என்றாள் அக்கா.

"அதுல ஒரு சின்ன சிக்கல். குடும்பம் முப்பத்தெட்டு, கேமரா ரெண்டு. அன்னிக்கு எத்தனை வீட்டுக்குன்னு ஓடுறது? அதனால முன்னாடியே எடுத்து வச்சிடுறோம்."

"எதை?"

"போட்டி முடிஞ்சதும் நீங்க படப்போற உணர்ச்சியை."

அக்கா அவருடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். விரிசல் எதுவும் தெரியவில்லை. மனிதர் முழு மனதோடுதான் பேசினார்.

முதலில் டிவி பார்க்கிற மாதிரி கொஞ்சம் எடுத்தார்கள். பிறகு முடிவுக்கென்று நாலு பதிவு. ஒன்றாம் நம்பர் தங்கம், இரண்டாம் நம்பர் வெள்ளியோ வெண்கலமோ. மூன்றாம் நம்பர் பதக்கம் இல்லாமல் போனது. நாலாம் நம்பர் தவறாக நடந்ததற்காகப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. முதல் பதிவில் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்து அக்காவைத் தூக்கப் பார்த்தார். அக்கா பெருத்த உடம்புக்காரி. தூக்க முடியாமல் இருவரும் சோபாவில் விழுந்ததை 'மகிழ்ச்சி, இயற்கையானது' என்று குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் நம்பரில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பதக்கம் வரலைம்மா. முகத்துல ஏதாவது காட்டுங்க."

"வரலன்னா என்ன சார், நடந்தாளே? முட்டி எப்படி இருந்துச்சுன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். இதான் என் முகம்."

'சுமார்' என்று எழுதினார்கள்.

நாலாம் நம்பருக்கு வசனம் இருந்தது. 'அவ எங்களை ஏமாத்திட்டா. எங்க தலையைக் குனிய வச்சுட்டா. நாட்டு மக்கள் எங்களை மன்னிக்கணும்.' படித்துப் பார்த்ததும் அக்கா தாளைத் திருப்பி நீட்டினாள்.

"இதை என் வாயால சொல்ல மாட்டேன். என் தங்கச்சி ஏமாத்துறவ இல்ல."

"யாரும்மா ஏமாத்துறான்னு சொன்னா? ஒருவேளை அப்படி நடந்தாங்கற பட்சத்துல! நாலு பதிவும் இருந்தாத்தான் கோப்பு முடியும். கோப்பு முடிஞ்சாத்தான் நடைப் போட்டி அட்டவணையில ஏறும். ஏறலன்னா அந்த நேரத்துக்கு வாரியத் தலைவரோட பேட்டியைப் போட்டுடுவாங்க. உங்க இஷ்டம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இதுதான். அக்கா சுவரைப் பார்த்தாள், வீட்டுக்காரரைப் பார்த்தாள். "சொல்லித் தொலையேன், வெறும் படம்தானே" என்றார் அவர். அவருக்கு 'நாட்டு மக்கள்' என்ற இடம் மிகவும் பிடித்துப்போய்விட்டது. தனியாக இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அக்காவுக்குப் பொய்யாக அழத் தெரியாது. அதனால் நிஜமாகவே அழுதாள். கையால் சோறு ஊட்டி வளர்த்தவளைப் பற்றித் தன் வாயாலேயே இப்படிச் சொல்ல வேண்டி வந்ததே என்று நினைத்து, முதல் வார்த்தையிலேயே உடைந்துபோய், மூக்கெல்லாம் ஒழுக, கேவிக் கேவி அழுதாள். விளக்குப் பிடித்திருந்தவன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துணை இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நாலாம் நம்பரை நான் பாத்ததில்லம்மா!"

"இதைப் போட மாட்டீங்கதானே சார்?"

"உங்க தங்கச்சி ஒழுங்கா நடந்தா இது பாட்டுக்கு அலமாரியில தூங்கும். என் வார்த்தையை நம்புங்க."

அக்கா நம்பினாள். எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

போட்டி தொடங்கியது. தொடக்க விழாவில் நூற்றுச் சொச்சம் நாட்டு அணிகள் கொடி பிடித்து வந்தன. நம் அணி வந்தபோது வாரியத் தலைவர் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் என்னென்ன தெரியும் என்று வர்ணனையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடித்துவிட்டு, "இதோ, நம் அணிக்காக ஆவலுடன் காத்திருக்கிறோம்" என்றார். அதற்குள் அணி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

அக்கா வேலை முடிந்து வந்ததும் தினமும் டிவி முன்னால் உட்கார்ந்தாள். கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம் என்று எண்ணம். பளுதூக்குகிறவர் குனிந்து கம்பியைப் பிடிப்பார், விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்தால் கம்பி தரையில் கிடக்கும். "என்ன ஓர் அற்புதமான தூக்கல்!" என்பார் வர்ணனையாளர். நீச்சலில் மூன்றாவது தடத்தில் போனவளை நம் ஆள் என்று நினைத்துக் கடைசிவரை உற்சாகப்படுத்தினார்கள். அவள் தொப்பியைக் கழற்றிய பிறகுதான் வேறு நாட்டுக்காரி என்று தெரிந்தது. "இருந்தாலும் அவருக்கு நம் வாழ்த்துகள்" என்று பெருந்தன்மையாக முடித்தார்கள். வில்வித்தையைப் பற்றிப் பேச நாலு நிபுணர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு மணி நேரம் யோசித்து, "அம்பு விடுபவர்களுக்கு முக்கியமானது அம்பு" என்றார். மற்ற மூவரும் ஆமோதித்தார்கள்.

குடும்பங்களை மட்டும் குறைவில்லாமல் காட்டினார்கள். குத்துச்சண்டைக்காரரின் அப்பா தேம்பித் தேம்பி அழுதார். 'நேரலை' என்று மூலையில் சிவப்பாக எழுதியிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டர் போன மாதத்தைக் காட்டியதை அக்கா பார்த்துவிட்டாள்.

நடைக்கு முந்தின நாள் தங்கை போனில் கூப்பிட்டாள். "காட்டுவாங்கதானேக்கா?"

"எட்டுப் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கேன்டி. காட்டாம எங்க போறாங்க? நீ முட்டியை மட்டும் பாத்துக்க."

நாலாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. நடக்கப் போகிறவள் காதில் அதை எதற்குப் போடுவது என்று விழுங்கிவிட்டாள். அக்கா செய்த தப்பு என்று பார்த்தால் இந்த ஒன்றுதான். ஆனால் வகையாகச் செய்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நடை. அக்கா லீவு போட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்ட நாலாவது லீவு என்பதால் மேற்பார்வையாளர் காரணம் கேட்கவில்லை. மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மாளும், முனைக் கடை மருந்துக்காரரும், இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்து கூடத்தை நிறைத்தார்கள். வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்தார். அக்கா டிவிக்கு மூன்றடி தூரத்தில் முக்காலி போட்டு, தொழிற்சாலையில் உட்காருகிற மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

துப்பாக்கி வெடித்தது. நாற்பது பேர் மொத்தமாகக் கிளம்பினார்கள். அதில் தங்கை எங்கே என்று கண் தேடிப் பிடிப்பதற்குள் படம் மாறி வாரியத் தலைவர் வந்துவிட்டார். புதிய நேரலை அரங்கத்தை அவர் திறந்துவைக்க வேண்டியிருந்தது.

"முன்பெல்லாம் போட்டி நடக்கும், நாம் காட்டுவோம்" என்று தொடங்கினார் தலைவர். "இது ஒரு வகையான அடிமைத்தனம். எங்கோ ஒருவர் துப்பாக்கியால் சுடுவார், இங்கே நாம் பதறி ஓட வேண்டும். இன்று அந்த இழிநிலை ஒழிந்தது. இனிமேல் போட்டி நடந்தாலும் நடக்காவிட்டாலும் நம்முடைய ஒளிபரப்பு நிற்காது. வெற்றியா தோல்வியா என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் நம் அலமாரியில் தயாராக இருக்கின்றன. தோல்வி என்பது விளையாடுகிறவர்களுக்கு வரலாம். வாரியத்துக்கு அது ஒருபோதும் வராது என்பதை இந்த நல்ல நேரத்தில் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

பலத்த கைதட்டல். இருபத்தைந்து நிமிஷம் பேசினார். அதாவது தங்கையின் நடைக் கணக்கில் ஐந்தரைக் கிலோமீட்டர் பேசினார்.

அப்புறம் நாலே நாலு விநாடி நடை தெரிந்தது. முன்கூட்டத்தில் ஏழாவதோ எட்டாவதோ ஆளாகத் தங்கை. வலது முட்டி கம்பி மாதிரி நேராக விழுந்தது. "அப்படித்தான்டி!" என்று அக்கா முக்காலியிலிருந்து எழுந்தாள். உடனே நிபுணர்கள் வந்துவிட்டார்கள். நடப்பது உடம்புக்கு நல்லதா என்ற விவாதம். நல்லது என்று இருவரும், மிகவும் நல்லது என்று இருவரும் பேசினார்கள்.

"நடையைக் காட்டுங்கய்யா!" என்று அக்கா டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

காட்டினார்கள், இவர்கள் வீட்டை. 'குடும்பத்தின் துடிப்பு, நேரலை' என்று எழுத்து. கூடத்தில் ஒரே ஆரவாரம். "அய்யோ, நம்ம வீடு!" "அந்தப் பூ ஜாடி எவ்வளவு அழகா தெரியுது பாரு!" டிவியில் இருந்த அக்கா நீலப் புடவை கட்டியிருந்தாள், கூடத்தில் இருந்த அக்கா மஞ்சள் புடவை. கூடத்தில் பன்னிரண்டு பேர், டிவியில் இரண்டே பேர். ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிவிக்குள் இருந்த அக்கா ஒரு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டிவியிலாவது நடை தெரிகிறதா என்று அக்கா எட்டிப் பார்த்தாள். படம் எடுத்த அன்று அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் திரையின் அடியில் எழுத்துகள் வேகமாக ஓடின. மற்றவர்களுக்கு அது வெறும் கோடு. பாட்டில் பார்த்த கண்ணுக்குத் தப்பவில்லை. ஐந்தாம் இடம். சிவப்பு அட்டை ஒன்றுகூட இல்லை. இந்த நாட்டில் யாரும் இதுவரை நடக்காத நேரம்.

"அஞ்சாவது!" என்று அக்கா அலறினாள். "உலகத்துலயே அஞ்சாவதுடி என் வாத்து! ஒரு அட்டைகூட இல்ல!"

அவள் இதைச் சொன்னபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் டிவியில் இருந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள். 'அவ எங்களை ஏமாத்திட்டா. எங்க தலையைக் குனிய வச்சுட்டா.' பக்கத்தில் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கூடத்தில் இருந்தவர்கள் அக்கா பக்கம் திரும்பினார்கள்.

"இல்ல, அது முன்னாடி எடுத்தது" என்றாள் அக்கா. "அஞ்சாவதா வந்திருக்கா. கீழே எழுத்து ஓடுச்சு, பாக்கலையா?"

டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்து வந்து அக்காவின் தோளைத் தொட்டாள். "மனசைத் தேத்திக்கங்க. நீங்களே அழுதுட்டீங்க, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"நான் எங்கம்மா அழுதேன்? இதோ நிக்கிறேனே!"

"அதான் டிவியில சொல்றீங்களே" என்றாள் டைப்பிஸ்ட் அம்மாள்.

மருந்துக்காரர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். பத்து நிமிஷத்தில் கூடம் காலி. வீட்டுக்காரர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நாம சொல்றதைப் பாத்தா உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கும் போலத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. திரையில் நிபுணர்கள் அதற்குள் 'வாத்து நடை நாட்டைத் தலைகுனிய வைத்ததா?' என்று விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெயரைப் படம் எடுக்க வந்த அன்று பாசத்தில் அக்காதான் சொல்லிவிட்டிருந்தாள். வளர்த்த அக்காவே கண்ணீர் விட்டுச் சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு என்றார் அம்பு நிபுணர்.

தங்கையின் போன் அணைந்திருந்தது. ஊக்க மருந்துச் சோதனை முடியும்வரை கையில் கொடுக்கமாட்டார்கள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்து வாரியத்துக்குப் போனாள்.

துணை இயக்குநர் வாசல்வரை வந்து வரவேற்றார். "வாங்கம்மா, வாங்க! உங்களைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். தலைவரே போன் பண்ணிப் பாராட்டினாரு!"

"என் தங்கச்சி அஞ்சாவதா வந்திருக்கா சார்."

"தெரியும்மா. பதக்கம் இல்ல. மூணாம் நம்பர்தான் போடணும், விதிப்படி."

"அப்புறம் ஏன் நாலு போட்டீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணாம் நம்பர்ல உங்க முகத்துல ஒண்ணுமே இல்லையேம்மா! அதை எப்படிப் போடுறது? நாலாம் நம்பர் அவ்வளவு அருமையா வந்திருக்கு. தரம்னு ஒண்ணு இருக்கில்ல? நாங்க பாக்குறவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"ஒழுங்கா நடந்தா அலமாரியில தூங்கும்னு சொன்னீங்க. உங்க வார்த்தையை நம்பித்தான் அழுதேன்."

"அதனாலதான் அவ்வளவு நல்லா வந்துச்சு!" என்றார் அவர், உண்மையான மகிழ்ச்சியோடு.

அக்காவுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கிற வழக்கம் இல்லாததால், "இப்ப எடுங்க. அஞ்சாவதா வந்தது எனக்குப் பெருமை, அவ ஒரு தப்பும் பண்ணலன்னு இப்பவே உங்க கேமரா முன்னாடி சொல்றேன்" என்றாள்.

"நேர்ல வர்ற உணர்ச்சிக்கு எங்ககிட்ட பிரிவு இல்லையேம்மா."

"சரி, அவ நடந்ததையாவது எனக்குக் காட்டுங்க. முழுசா ஒரு தடவ. இங்கேயே உக்காந்து பாத்துட்டுப் போயிடுறேன்."

"முழு நடையா?" அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "அதை யாரும்மா பதிவு பண்ணி வைப்பாங்க? இடத்தை அடைக்கும்."

அக்கா வீடு வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. படியேறும்போதே போன் அடித்தது. தங்கை.

"அடியே! அஞ்சாவதுடி! ஒரு அட்டைகூட..."

"எந்த சுத்துக்கா?"

"என்னடி?"

"முட்டி. எந்த சுத்துல மடங்குச்சு? இங்க நம்ம அணி சாப்பாட்டுக் கூடத்துல பெரிய டிவி வச்சு நம்ம வாரியத்தைத்தான் போட்டிருக்காங்க. நான் உள்ள நுழையுறப்ப நீ அழுதுக்கிட்டிருந்த. ஏமாத்திட்டா, தலை குனிய வச்சுட்டான்னு சொன்ன." குரலில் அழுகை இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. "நடுவருங்க ஒருத்தர்கூட எழுதலக்கா. ஆனா நீ சொல்லிட்ட. நீ அழுது நான் பாத்ததே இல்ல. அப்படின்னா நிறைய தடவ மடங்கியிருக்கும்னு நெனச்சேன்."

"இல்லடி, நான் சொல்றதைக் கேளு, அது..."

"அதான் நானே அணி மேலாளர்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன். நேர்மையா வந்த இடம் இல்ல, எனக்கு வேணாம்னு. அவரும் டிவி பாத்திருந்தாரு. ஒளிபரப்பும் கோப்பும் ஒண்ணா இருக்கணும்னு சொல்லி படிவத்தை நீட்டினாரு. கையெழுத்துப் போட்டுட்டேன். பேரை எடுத்துட்டாங்க."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடை வீராங்கனை முடிவிலிருந்து நீக்கம், இந்தச் செய்தியை எல்லோருக்கும் முன்னால், அதுவும் நிகழ்வதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தந்தது உங்கள் வாரியம் என்று ஒருவர் பூரிப்போடு அறிவித்துக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கலடி" என்றாள் அக்கா.

"எதை?"

"நீ நடந்ததை. அவங்க காட்டவே இல்ல. என்னைத்தான் காட்டினாங்க."

"பாக்காமயா அழுத?"

"நீ நடக்குறதைக் காட்டணும்னா நான் அழணும்னு சொன்னாங்கடி. அதான் இருபது நாள் முன்னாடியே அழுது கொடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் தட்டுகள் கழுவுகிற ஓசை கேட்டது. பிறகு தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அப்ப என் முட்டி மடங்கலையாக்கா?"

பார்த்தது நாலு விநாடி. நடந்தது ஒன்றரை மணி நேரம். பார்க்காத பாட்டிலை நல்ல பாட்டில் என்று அக்கா பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூடத் தள்ளிவிட்டதில்லை. ஆனால் கேட்டவள் தங்கை.

"மடங்கலடி. ஒரு தடவகூட மடங்கல" என்றாள்.

"பாக்கலன்னு இப்பத்தானேக்கா சொன்ன?" என்றாள் தங்கை.